புதுப் பெயிண்ட் அடித்த காருக்கு எப்போது பாலிஷ், எப்போது வேக்ஸ்?

மொரீஷியஸின் காத்ர் போர்ன் ஊரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். ஜப்பானிலிருந்து ரீகண்டிஷனாக வந்த பழைய டொயோட்டா. வெயிலில் பானட்டும் ரூஃபும் வெளிறிப்போய் உரிய ஆரம்பித்ததால், முழு வண்டிக்கும் கறுப்புப் பெயிண்ட் அடித்து இரண்டு வாரம் ஆகிறது. பெயிண்டர் "ஒரு மாசத்துக்கு ஒண்ணும் போடாதே" என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் "இப்பவே வேக்ஸ் போடு, இல்லாட்டி வெயில் தின்னுடும்" என்கிறார். செராமிக் கோட்டிங் போடும் கடைக்காரர் "இந்த வாரமே கொண்டு வாங்க" என்கிறார். வெயிலில் நிறுத்தினால் வட்ட வட்டமாக மெல்லிய கோடுகள் தெரிகின்றன, அங்கங்கே தூசி மாட்டிக்கொண்ட பருக்களும் இருக்கின்றன. மூன்று வாரத்தில் தங்கையின் கல்யாணம், மணப்பெண் ஏறப்போவது இந்த வண்டியில்தான். யார் சொல்வதைக் கேட்பது?

கேட்டது ஒரு கேள்வி மாதிரி இருந்தாலும் உள்ளே இரண்டு இருக்கின்றன. பெயிண்ட் உள்வரை இறுகிவிட்டதா என்பது ஒன்று. மேலே தெரியும் குறைகளைத் தேய்த்து எடுக்கலாமா, அதை யார் செய்ய வேண்டும் என்பது இன்னொன்று. பாலிஷ் என்பது பெயிண்ட்டின் மேல்தோலைக் கொஞ்சம் அரைத்து எடுப்பது. வேக்ஸும் செராமிக்கும் அதன்மேல் ஒரு பூச்சைப் போட்டு மூடுவது. ஒன்று எடுக்கிற வேலை, மற்றது சேர்க்கிற வேலை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் மூன்று பேரும் மூன்று விதமாகப் பேசுகிறார்கள். அவரவர் கோணத்தில் மூவர் சொல்வதிலும் பாதி சரி.

நான் கோயம்புத்தூரில் ஒரு டிங்கரிங் பட்டறையில் வாட்டர் பேப்பர் (தண்ணீரோடு தேய்க்கும் உப்புத்தாள்) தேய்த்துத் தொழில் கற்றவன். அப்புறம் மொரீஷியஸ் வந்து பல வருடமாக இங்கே ஒரு கராஜில் பெயிண்ட் வேலை பார்க்கிறேன். தோலியே (இங்கே டிங்கருக்குச் சொல்லும் பெயர்) தகடு தட்டி முடித்த வண்டி என் கைக்கு வரும், நான் முடித்தபின் வண்டிச் சொந்தக்காரர் கைக்குப் போகும். உங்கள் வண்டியை நான் பார்க்கவில்லை. எனவே எல்லா வண்டிக்கும் பொருந்துவதைச் சொல்லிவிட்டு, உங்கள் வண்டிக்கு எது என்று நீங்களே கண்டுபிடிக்க வழியும் சொல்கிறேன்.

தொழிற்சாலையில் பெயிண்ட் அடிக்கும்போது வண்டி வெறும் தகட்டுக் கூடுதான். சீட், ஒயர், ரப்பர் எதுவும் இருக்காது. அதனால் 140 டிகிரி செல்சியஸ் அளவுச் சூட்டில் சுட்டு எடுக்க முடிகிறது, வெளியே வரும்போதே பெயிண்ட் இறுகியிருக்கும். பட்டறையில் அது நடக்காது. டயரும் டாஷ்போர்டும் கெட்டுவிடும். நல்ல பூத் (பெயிண்ட் அடித்துச் சுடும் மூடிய அறை) இருந்தால் தகட்டுச் சூடு 60 டிகிரி வரும்படி வைத்து அரை மணி நேரம் சுடுவார்கள். பூத் இல்லாத பட்டறையில் காற்றில்தான் காயவேண்டும். முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: பெயிண்டரே, வண்டியைச் சுட்டீர்களா, காற்றில் காயவிட்டீர்களா? இந்த ஒரு பதிலில் பாதிச் சந்தேகம் தீரும்.

இரண்டாவது கேள்வி, கலருக்கு மேலே கடைசியாக அடித்த கிளியர் என்ற நிறமற்ற பூச்சு டூ கே வகையா என்பது. டூ கே என்றால் கிளியரோடு ஹார்டனர் என்ற இரண்டாவது பொருளைக் கலந்து அடிப்பது. இரண்டும் வேதிவினை புரிந்து ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இறுகும், அப்படி இறுகியபின் தின்னர் பட்டாலும் கரையாது. பழைய பாணி லாக்கர் அப்படியில்லை. தின்னர் ஆவியாகிப் போவதால் மட்டுமே காய்கிறது, எத்தனை வருடம் கழித்துத் தின்னர் தொட்டாலும் மறுபடி இளகும். பெரும்பாலான பட்டறைகளில் இன்று டூ கே தான் ஓடுகிறது. ஆனால் குறைந்த விலைக்கு முழு வண்டி அடித்துக் கொடுக்கும் இடங்களில் எது அடித்தார்கள் என்று கேட்டுவிடுவது நல்லது.

டூ கே இறுகுவதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தொட்டால் ஒட்டாத நிலை வேறு, உள்ளே இறுகிய நிலை வேறு. கொதித்து ஆறும் பாலின் மேல் ஆடை படிந்திருக்கும், அடியில் திரவம்தான் இருக்கும். புதுப் பெயிண்ட்டும் முதல் சில நாள் அப்படித்தான். மேலே தோல் பிடித்திருக்க, உள்ளே மிச்சமிருக்கும் கரைப்பான் (பெயிண்ட்டில் கலந்த தின்னர்) மெதுவாக வெளியேறிக்கொண்டிருக்கும். கிளியரைக் கனமாக அடித்திருந்தாலோ, ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவே போதிய நேரம் விடாமல் அடித்திருந்தாலோ, இது வாரக்கணக்கில் நீளும். கரைப்பான் போகப் போகப் பெயிண்ட் சுருங்கும். அப்போது அடியில் புட்டி (பள்ளம் நிரப்பும் பசை) தேய்த்த கோடுகள், பிரைமர் என்ற அடிப்பூச்சில் வாட்டர் பேப்பர் போட்ட கீறல்கள் எல்லாம் மேலே தெரிய ஆரம்பிக்கும், பளபளப்பும் ஒரு படி இறங்கும். கறுப்பில் இது அப்பட்டமாகத் தெரியும். டெலிவரி எடுத்த அன்று கண்ணாடியாக இருந்த பானட் மூன்றாவது வாரம் மங்கிவிட்டது என்று வருகிறவர்களின் கதை பெரும்பாலும் இதுதான்.

நீங்களே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. பெட்ரோல் மூடியின் கதவைத் திறந்து அதன் உள்பக்க ஓரத்தில் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பாருங்கள். தழும்பு பதிந்து அப்படியே நின்றால் பெயிண்ட் இன்னும் மென்மையாக இருக்கிறது. மூக்கைக் கிட்டே வைத்து மோந்தும் பாருங்கள். இரண்டு வாரம் கழிந்தும் தின்னர் வாடை வந்தால் உள்ளே இன்னும் கரைப்பான் இருக்கிறது. வெள்ளைத் துணியில் சில சொட்டுத் தின்னர் விட்டு அதே மறைவான இடத்தில் லேசாகத் தேய்த்தால், இறுகிய டூ கே அசையாது. துணியில் கறுப்பு ஏறினாலோ, தேய்த்த இடம் பிசுபிசுத்தாலோ, அது லாக்கர், அல்லது ஹார்டனர் அளவு தப்பிய வேலை. இதை வெளியே தெரிகிற இடத்தில் செய்துவிடாதீர்கள், கதவை மூடினால் மறைகிற இடத்தில் மட்டும்.

இப்போது அந்த வட்டக் கோடுகளுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது அதுதான். இரண்டு வாரமே ஆன பெயிண்ட்டில், நீங்கள் துணிகூட வைக்காத வண்டி என்றால், அந்தக் கோடுகள் தானாக வராது. டெலிவரிக்கு முந்தின நாள் யாரோ தூசியை எடுக்க வாட்டர் பேப்பர் போட்டு, மேலே கம்பவுண்ட் (அரைத்து எடுக்கும் பசை) வைத்து, ஒரே வட்டமாகச் சுழலும் ரோட்டரி மெஷினால் ஓட்டி, கடைசிப் படியான மெல்லிய பாலிஷைச் செய்யாமல் விட்டிருக்கிறார்கள். அல்லது அழுக்கேறிய கம்பளி பேடால் ஓட்டியிருக்கிறார்கள். இது சரிசெய்யக்கூடியதுதான். ஆனால் உங்கள் கிளியரில் ஒரு பங்கு ஏற்கெனவே தேய்ந்துவிட்டது என்பதை மனதில் வையுங்கள். கிளியர் காய்ந்தபின் பொதுவாக 40 முதல் 60 மைக்ரான் இருக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. சூரியனின் புற ஊதாக் கதிரைத் தடுக்கிற பொருள் அந்தக் கிளியருக்குள்தான் கலந்திருக்கிறது. மெல்லிய பாலிஷ் ஒரு தடவை போட்டால் ஒன்றிரண்டு மைக்ரான்தான் போகும். 1500 நம்பர் பேப்பர் போட்டுக் கம்பவுண்டும் அடித்தால் அதைப்போலப் பல மடங்கு போகும். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஒரு முழு கம்பவுண்ட் என்று வைத்துக்கொண்டால் சில வருடத்தில் ஓரங்களில் கிளியர் உரிந்து நிற்கும்.

தடிமனை அளக்கும் கேஜ் கடைகளில் இருக்கிறது, அளந்து பார்த்துச் செய்கிறோம் என்று சொல்வார்கள். அளக்கட்டும், நல்லதுதான். ஆனால் மறுபெயிண்ட் அடித்த வண்டியில் சாதாரண கேஜ் காட்டுவது தகட்டிலிருந்து மேல்வரை உள்ள மொத்தத்தை. பழைய பெயிண்ட், புட்டி, பிரைமர், கலர், கிளியர் எல்லாம் சேர்த்து 300 மைக்ரான் காட்டலாம், புட்டி உள்ள இடத்தில் அதைத் தாண்டியும் போகலாம். "நிறைய இருக்கு, தாராளமாத் தேய்க்கலாம்" என்று அந்த எண்ணைக் காட்டி யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அதில் கிளியர் எவ்வளவு என்று அந்தக் கருவிக்குத் தெரியாது.

அதனால் என் யோசனை: பாலிஷ் வேலைக்குச் செராமிக் கடைக்கும் போகாதீர்கள், நீங்களும் கையில் எடுக்காதீர்கள். பெயிண்ட் அடித்தவரிடமே கொண்டுபோங்கள். பருவை எடுப்பதும், தான் போட்ட மெஷின் கோடுகளை எடுப்பதும் அவர் வேலையின் மிச்சம்தானே தவிர, தனியாகக் காசு வாங்குகிற வேலை இல்லை. எத்தனை கோட் கிளியர் அடித்தோம், எங்கே ஏற்கெனவே பேப்பர் போட்டோம் என்பது அவருக்குத்தான் தெரியும். நகம் பதியவில்லை, வாடை இல்லை என்றால் இப்போதே பாலிஷ் போடலாம். சரியாகச் சுட்ட டூ கே பெயிண்ட்டை ஆறியபின் மறுநாளே பாலிஷ் போடுவது பட்டறைகளில் வழக்கம்தான், ஒரு மாதக் காத்திருப்பு அதற்கில்லை. காற்றில் காய்ந்த வண்டி என்றால் கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு வரை தள்ளிவைப்பேன். சுருங்குவதெல்லாம் சுருங்கி முடித்தபின் ஒரே தடவை தேய்த்தால் போதும். முன்னாடியே தேய்த்துவிட்டால் மறுபடி கோடு எழும்பும், மறுபடி தேய்க்கணும், மறுபடி கிளியர் போகும்.

அவரிடம் சில விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள். பருவுள்ள இடத்தில் மட்டும் 2000 அல்லது 3000 நம்பர் பேப்பரைச் (நம்பர் கூடக்கூடப் பேப்பர் நைசாகும்) சின்னக் கட்டையில் சுற்றி, சோப்புத் தண்ணீரோடு தேய்க்கட்டும். முழு பானட்டையும் தேய்க்க வேண்டியதில்லை. கதவு ஓரம், பானட்டின் மடிப்பு, மட்கார்டு விளிம்பு இங்கெல்லாம் பெயிண்ட் இயல்பாகவே மெல்லியதாக இருக்கும். மெஷின் ஓட்டுமுன் மாஸ்கிங் டேப் ஒட்டச் சொல்லுங்கள். கடைசிப் படி ரோட்டரியில் வேண்டாம், இரட்டை அசைவு உள்ள டூயல் ஆக்‌ஷன் மெஷினில் மென்மையான ஸ்பாஞ்ச் பேடோடு செய்தால் வட்டக் கோடு விழாது. முதலில் ஓர் அடிக்கு ஓர் அடி சதுரத்தில் செய்து காட்டச் சொல்லி, வெளியே வெயிலில் நிறுத்திப் பார்த்துவிட்டுச் சம்மதியுங்கள். டியூப் லைட்டின் கீழே எல்லா வேலையும் அழகாகத்தான் இருக்கும். சிலிகோன் கலந்த பாலிஷ் கோடுகளை அரைத்து எடுக்காமல் நிரப்பி மறைத்துவிடும், நாலு தடவை கழுவியதும் கோடுகள் திரும்பி வரும். சிலிகோன் இல்லாததையே பயன்படுத்தச் சொல்லுங்கள். பின்னால் எங்காவது டச்சப் செய்யவேண்டி வந்தால், சிலிகோன் ஒட்டிய இடத்தில் புதுப் பெயிண்ட் பிடிக்காமல் குழி குழியாக விலகும், அந்தத் தொல்லையும் மிச்சம்.

சில குறைகளுக்கு எந்தப் பாலிஷும் உதவாது. ஊசி குத்தினது போன்ற சிறு துளைகள் கூட்டமாக இருந்தால், கரைப்பான் கொதித்து வெடித்து வந்த வழி அது. தேய்த்தால் துளை பெரிதாகத்தான் தெரியும், வண்டியின் அந்தப் பாகத்துக்கு மறுபடி பெயிண்ட் அடிக்க வேண்டும். ஆரஞ்சுத் தோல் மாதிரி மேடுபள்ளம் லேசாக இருந்தால் விட்டுவிடுங்கள் என்பேன். தொழிற்சாலையிலிருந்து வரும் புது வண்டியிலேயே அது கொஞ்சம் இருக்கும். அதைத் தட்டையாக்கப் போய்க் கிளியரைத் தின்பது வீண்.

இனி வேக்ஸ். 30 நாள் என்பது தொழிலில் புழங்கும் பொதுக்கணக்கு. சில பெயிண்ட் நிறுவனங்கள் 60, 90 நாள் வரை சொல்கின்றன. சுட்ட வேலைக்கு அதைவிடக் குறைவாகச் சொல்கிறவர்களும் உண்டு. அடித்த கிளியரின் டப்பாவில் என்ன பெயர் என்று கேட்டு, அந்த நிறுவனம் வெளியிடும் விவரத்தாளைப் பார்த்தால் அதுதான் கடைசி வார்த்தை, என்னுடையது அல்ல. துணியால் தடவுகிற ஒரு மெல்லிய கார்னாபா (ஒருவகைப் பனை மெழுகு) வேக்ஸ் கரைப்பானை முழுக்க அடைத்துவிடும் என்பதில் எனக்கே சந்தேகம் உண்டு. ஆனால் காத்திருப்பதில் உங்களுக்கு நஷ்டம் எதுவும் இல்லை. வெயில் தின்னும் என்று உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் பயப்படுகிறார், பாவம். வெயிலைத் தடுப்பது கிளியருக்குள் இருக்கிற சரக்கு, அதன் மேலுள்ள வேக்ஸ் அல்ல. ஒரு மாதம் வேக்ஸ் இல்லாமல் நின்றதால் புது டூ கே வெளிறிப்போனதை நான் கண்டதில்லை.

செராமிக் விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை, இப்போது வேண்டாம். வேக்ஸைத் தப்பாகப் போட்டால் மெஷின் இல்லாமலே எடுத்துவிடலாம். செராமிக் இறுகிப் பிடித்துக்கொள்ளும், அதை எடுக்க மறுபடி பாலிஷ் மெஷினைத்தான் ஓட்டவேண்டும். அடியில் பெயிண்ட் சுருங்கிக் கோடு எழும்பினாலும் அதே கதி. கல்யாணம் முடியட்டும். பெயிண்ட் இரண்டு மூன்று மாதம் நிலைத்து நின்றபின், அப்போதும் ஆசை இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள்.

அதுவரை பராமரிப்பு என்றால் பெரும்பாலும் கையை வைக்காமல் இருப்பதுதான். கழுவலாம், கழுவாமல் ஒரு மாதம் விடுவதுதான் தப்பு. நிழலில், பானட் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபின், முதலில் ஹோஸ் பைப்பில் தண்ணீரை மேலிருந்து ஓடவிடுங்கள். அப்புறம் கார் ஷாம்பு கலந்த வாளி ஒன்று, துணியை அலச வெறும் தண்ணீர் வாளி ஒன்று. பாத்திரம் தேய்க்கும் சோப்பு வேண்டாம். மைக்ரோஃபைபர் துணியை அழுத்தாமல் நேர்க்கோட்டில் இழுங்கள். ஹை பிரஷர் மெஷின் இந்த மாதம் வேண்டாம், கதவு விளிம்பிலும் பம்பர் மூலையிலும் புதுப் பெயிண்ட்டைத் தூக்கிவிடும். பழைய மெக்கானிக்குகள் மினுமினுப்புக்காக மண்ணெண்ணெயும் டீசலும் தடவுவார்கள். எண்ணெய்ப் பசை கொஞ்ச நேரம் மினுக்கும், அப்புறம் தெருத்தூசி முழுவதும் அதில் வந்து உட்காரும்.

இது நவம்பர். கரும்பு வெட்டு இன்னும் ஓயவில்லை. தோட்டத்தை எரித்துவிட்டு வெட்டும் பக்கமாக உங்கள் வழி போகிறது என்றால் காலையில் வண்டிமேல் கறுப்புக் கரித்தூள் படிந்திருக்கும். கறுப்பு வண்டியில் அது கண்ணுக்கே தெரியாது, அதுதான் ஆபத்து. கரும்புச் சாம்பலில் சிலிகா நிறைய உண்டு, மணலில் இருக்கிற அதே பொருள். காய்ந்த துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் போதும், பெயிண்டர் எடுத்துக்கொடுத்த கோடுகளை நீங்களே திரும்பப் போட்டுவிடுவீர்கள். தண்ணீர் ஊற்றித்தான் இறக்கவேண்டும்.

லிச்சி பழுக்கிற காலமும் இதுதான். ராத்திரி வௌவால்கள் வந்து தின்றுவிட்டுப் போடுகிற எச்சத்தில் பழச்சாறும் அமிலமும் சேர்ந்திருக்கும். பகல் வெயிலில் பெயிண்ட் சூடேறி விரியும், சாயங்காலம் குளிர்ந்து சுருங்கும்போது எச்சத்தின் விளிம்பைக் கவ்விக்கொள்ளும். இறுகிய பெயிண்ட்டிலேயே தழும்பு விழும், உங்களுடையதில் சொல்லவே வேண்டாம். லிச்சி மரத்தடியிலும் மாமரத்தடியிலும் நிறுத்தாதீர்கள். விழுந்துவிட்டால் சுரண்டாமல், ஈரத்துணியை அதன்மேல் சில நிமிடம் போட்டு ஊறவைத்து ஒற்றி எடுங்கள். இதற்குப் பயந்து கார் கவர் போட்டு மூடிவிடவும் கூடாது. கவருக்குள் ஈரமும் கரைப்பானும் அடைபட்டு, துணியின் நெசவே பெயிண்ட்டில் பதிந்த வண்டிகள் எங்கள் கராஜுக்கு வந்திருக்கின்றன. கியூர்பிப் பக்கம் போய்த் தூறலில் நனைந்து வந்தால் கவலை வேண்டாம், மழைநீர் கெடுதலில்லை. சொட்டுகள் அப்படியே வெயிலில் காய்ந்தால்தான் வட்டத் தடம் விழும். ஃபிளிக் அன் ஃபிளாக் கடற்கரைக்குப் போய்வந்தால் உப்பையும் மணலையும் அன்றே கழுவிவிடுங்கள்.

கல்யாண நாளைத்தான் நான் அதிகம் பயப்படுவேன். மணப்பெண் காருக்குப் பூ ஜோடிக்கிறவர்கள் செலோடேப்பை பானட்டில் நேராக ஒட்டுவார்கள். ஐந்து வாரமே ஆன பெயிண்ட்டில் அந்தப் பசை தடம் விடும், அடித்தளம் சரியில்லாத இடத்தில் பெயிண்ட்டோடு பிய்த்துக்கொண்டும் வரலாம். ரப்பர் உறிஞ்சிகளும் வட்டத் தடம் விடும். ரிப்பனைப் பானட் இடுக்கில் செருகிக் கட்டச் சொல்லுங்கள், பூக்களை முன் கிரில்லிலும் கதவுக் கைப்பிடியிலும் நூலால் கட்டச் சொல்லுங்கள். கிளம்புமுன் பெரியவர்கள் வண்டிக்குப் பூசை போடுவார்கள். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்துச் செய்வதுதான் குங்குமம், சாயமும் இறங்கும், சுண்ணாம்பும் பெயிண்ட்டைப் பிடிக்கும். சந்தனம் குங்குமத்தை முன் கண்ணாடியிலோ நம்பர் பிளேட்டிலோ வைத்தால் சாமி கோபித்துக்கொள்ளாது. கற்பூரத்தை மட்டும் பானட்மேல் ஏற்ற விடாதீர்கள். தட்டில் ஏற்றிக் காட்டட்டும், அத்தையம்மாவிடம் இதை முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள், அந்த நேரத்தில் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள்.

பாலிஷுக்கு வண்டியைக் கொண்டுபோகும்போது இன்னொன்றும் கேட்டு வாங்கி வாருங்கள். உங்கள் வண்டிக்குக் கலந்த கறுப்பு மிச்சம் இருந்தால் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில், மூடியை இறுக்கி, கலர் கோடு எழுதிய சீட்டோடு. ஹார்டனரை வாங்கி வைக்காதீர்கள், நம்மூர் ஈரக்காற்றில் ஒருதடவை திறந்தாலே அது கெட ஆரம்பித்துவிடும். முன்னால் போகும் லாரி தெறிக்கிற கல்லால் பானட் நுனியில் பெயிண்ட் பெயர்ந்தால், துரு பிடிக்குமுன் அந்தக் குப்பியிலிருந்து தீக்குச்சி நுனியால் ஒரு பொட்டு வைத்தால் போதும்.